கொம்பியூட்டருக்கு வாகனப் பூசை

நேற்று எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. புதுக் கொம்பியூட்டரைக் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூசை செய்துபோட்டு, ரெண்டு மணிக்கு வீட்டில அதுக்கு முன்னால இருக்கோணும்.

சிரிக்காதீங்கோ. மிச்சத்தையும் கேளுங்கோ.

ஓபிஸில ஆக்களைக் குறைச்சாங்கள். அதில நானும் குறைஞ்சுபோய்க் கொஞ்ச மாசமா வெள்ளவத்தை வீட்டில மனிசிக்கு இடைஞ்சலா இருக்கிறன். இப்ப வெளிநாட்டுக் கொம்பனி ஒண்டு வீட்டில இருந்தே கணக்கு வேலை பாக்க ஆள் தேடுது. ரெண்டு மணிக்கு வீடியோவில இன்டர்வியூ. அவையள் பாத்துக்கொண்டிருக்க நான் ஸ்கிரீனில கணக்குச் செய்து காட்டோணும். போன் சரிவராது எண்டு முதலே சொல்லிப்போட்டினம். இது தவறினா வேற ஒண்டும் கையில இல்லை.

அதாலதான் போய் இந்த ஓல்-இன்-வன் கொம்பியூட்டரை வாங்கினனான். கடையில விக்கிற ஆள் அப்பிடிக் கதைச்சான்!

"அண்ணே, எல்லாமே ஸ்கிரீனுக்குள்ள. பெட்டி இல்ல, வயர்ச் சிக்கல் இல்ல. உங்கட முகத்தைப் பாத்துத்தான் திறக்கும். போட்டோவக் காட்டி ஏமாத்த ஏலாது. நீங்க கண்ணை மூடினாலே தானாப் பூட்டிக்கொள்ளும்."

விலையைக் கேட்டதும் நானே கண்ணை மூடினனான். எண்டாலும் விடேல்ல. பழைய லாப்டொப்பை அவனிட்டயே எக்ஸ்சேஞ்சுக்குக் குடுத்து, மிச்சத்துக்குக் கார்ட்டைத் தேச்சுப்போட்டு வந்தன்.

என்ர மனிசி சசி பில்லைப் பாத்தா. கத்தேல்ல. அதுதான் எனக்குப் பயமா இருந்தது.

"இந்தக் காசுக்கு ஒரு பழைய த்ரீவீல் வாங்கியிருக்கலாம். வாங்கியிருந்தா, பூசை செய்யாம ரோட்டில இறக்குவீங்களோ?"

"இல்லை…"

"அப்ப இதுக்கும் செய்யோணும். அதுவரைக்கும் ஒருத்தரும் சுவிட்ச்சில கை வைக்கக் கூடாது."

நான் படிச்சவன். எதிர்த்துக் கதைக்கத் தெரியும். ஆனா பில் அவவின்ர கையில இருந்தது.

காலமை பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு வந்தம். வழக்கமா எங்களை ஏத்துற, நாங்கள் நானா எண்டு கூப்பிடுற த்ரீவீல்காரர் பாத்திட்டுக் கேட்டார்.

"என்ன தம்பி, டீவியா?"

"கொம்பியூட்டர், நானா."

"எங்க கொண்டு போறீங்க?"

"கொட்டாஞ்சேனைக் கோயிலுக்கு."

பெட்டியைத் தட்டிப் பாத்தார். "அவ்வளவுக்குப் பழுதா?"

கோயிலில டிக்கெட் எழுதுற ஆளிட்ட கொம்பியூட்டர்ப் பூசை எண்டு ஒரு டிக்கெட் இல்லை. அர்ச்சனை இருக்கு, அபிஷேகம் இருக்கு, வாகனப் பூசை இருக்கு. அபிஷேகம் எண்டதும் கொம்பியூட்டரை இறுக்கிப் பிடிச்சன். பாலையும் தயிரையும் இதுக்கு மேல ஊத்தினா நிலைமை என்ன! ஓடிப்போய் வாகனப் பூசை எடுத்தன்.

"வாகன நம்பர்?"

"நம்பர் இல்லை."

"புதுசோ? சரி, விண்ணப்பிச்சிருக்கு எண்டு போடுறன்."

அப்பிடியே ஒரு வேனுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் நடுவில, நிலத்தில பாயைப் போட்டு என்ர கொம்பியூட்டரும் லைனில நிண்டுது. வேன்காரர் என்னைத் திரும்பித் திரும்பிப் பாத்தார். நான் வானத்தைப் பாத்தன்.

ஐயர் வந்தார். ஒரு கேள்வியும் கேக்கேல்ல. மாலையைப் போட்டார். சந்தனத்தைத் தொட்டு மேல் விளிம்பில வைக்கப் போக, "ஐயா, அது கமெரா!" எண்டு கத்தினன். கொஞ்சம் தள்ளி வைச்சார். பெரிய மனசு. பிறகு தேசிக்காயைக் கையில வைச்சுக்கொண்டு சில்லைத் தேடினார். சில்லு இல்லை. ஸ்டாண்டுக்குக் கீழ ரெண்டை வைச்சார். என்ர பிரீமியம் சாமான் ஒரு பக்கமாச் சரிஞ்சு நிண்டுது.

"இப்ப ஸ்டார்ட் பண்ணுங்கோ."

"என்ன ஐயா?"

"தீபம் காட்டேக்க வாகனம் ஸ்டார்ட்டில நிக்கோணும்."

அப்பதான் எனக்கு விளங்கிச்சு. லாப்டொப் எண்டா பட்டனை அமத்தினாப் போதும். இதுக்குள்ள எல்லாம் இருக்கு, பற்றரி மட்டும் இல்லை! கரண்டுக்கு எங்க போறது?

மண்டபத்தில ஒரே ஒரு பிளக். அதில, கரண்டில தானா அடிக்கிற கோயில் மேளம். அதைக் கழட்டிப்போட்டு எங்கட வயரைக் குத்தினாங்கள். மேளம் நிண்ட கையோட சாமி கும்பிட்ட சனம் முழுக்கத் திரும்பி எங்களைப் பாத்துது.

கொம்பியூட்டர் எழும்பிச்சு. எந்த நாடு, என்ன பாஷை, இன்டர்நெட் எது எண்டு ஒவ்வொண்டாக் கேக்கத் தொடங்கிச்சு. போனில இருந்து இன்டர்நெட் குடுத்தன். பின்னால நிண்ட மோட்டார் சைக்கிள்காரர் ஹோர்ன் அடிக்கிறார்.

"ரகசிய நம்பர் கேக்குது!" எண்டன்.

"ஐயா, ஒரு நல்ல நம்பர் சொல்லுங்கோ" எண்டு சசி கேட்டா. ஐயர் சொன்னார். அவ டக்கெண்டு அடிச்சா. என்ன நம்பர் எண்டு நான் பாக்கேல்ல, ஏனெண்டா நான் ஒரு கையால மாலையையும் மற்றக் கையால சரியிற கொம்பியூட்டரையும் பிடிச்சுக்கொண்டு நிண்டனான்.

அடுத்ததா, கமெராவைப் பாக்கட்டாம். அந்த நேரம் பாத்து ஐயர் தீபத்தோட குனிஞ்சார். நேரா முன்னால, நல்ல வெளிச்சத்தில, ஆறுதலா மூண்டு தரம் சுத்திக் காட்டினார்.

"நன்றி, முகம் பதிவாகிவிட்டது" எண்டு ஸ்கிரீனில வந்துது.

நானும் "நன்றி ஐயா" எண்டு சொல்லி வயரைக் கழட்டினன். என்ன நடந்தது எண்டு மண்டையில ஏறவே இல்லை!

வீட்டில ஒரு மணிக்கு மேல சேட்டு, கீழ சாரம், கழுத்தில டை எண்டு ரெடியாகி முன்னால இருந்தன். ஓன் பண்ணினன்.

"உங்களை அடையாளம் தெரியவில்லை."

கண்ணாடியைக் கழட்டினன். தெரியேல்ல. சிரிச்சன், முறைச்சன். ஒண்டும் இல்லை. பிறகுதான் அந்தத் தீபமும் அதுக்குப் பின்னால இருந்த ஐயரின்ர முகமும் ஞாபகம் வந்துது.

"சசி, இஞ்சேரும், அந்த நம்பரைச் சொல்லும்!"

"ஐயர் சொன்னதைத்தான் அடிச்சனான். ஆருக்கு ஞாபகம்?"

ஐயருக்குப் போன் பண்ணினன். "அந்த நேரம் மனசில வந்தது, தம்பி. இப்ப வேற நம்பர் வருது." அதையும் அடிச்சுப் பாத்தன். பிழை.

வீடியோ கோலுக்கு வரச் சொல்லி, அவரின்ர முகத்தைப் போனில பிடிச்சுக் கமெராவுக்குக் காட்டினன். அசையேல்ல! மலிவுச் சாமான் எண்டா ஏமாந்திருக்கும். நான் வாங்கினது விலை கூடினது.

"ஐயா, ஒருக்கா வெள்ளவத்தைக்கு வாறீங்களோ?"

"கோயில் சாவி என்னட்ட. இந்த ட்ராபிக்கில வந்து எப்ப திரும்புறது? நீர் கொண்டு வாரும்."

பெட்டியோட, டையோட, சாரத்தோட ரோட்டுக்கு ஓடினன். அதே நானா. என்னை மேலயும் கீழயும் பாத்தார்.

"இன்னமும் சரி வரலயா, தம்பி?"

எனக்கு அழுகை வந்தது. உண்மையாத்தான் சொல்லுறன்.

ரெண்டு மணிக்கு அஞ்சு நிமிஷம் இருக்கேக்க, பூட்டின கோயிலின்ர வெளி மண்டபத்தில, மேளத்தின்ர பிளக்கில கொம்பியூட்டர். ஐயர் வந்து முகத்தைக் காட்டினார். "வணக்கம்" எண்டு உடனே திறந்துது. என்னட்ட அந்த மரியாதை ஒரு நாளும் காட்டேல்ல.

முகத்தை மாத்துவம் எண்டு பாத்தா, அதுக்கும் அந்த நம்பர் வேணுமாம். சரி, திறந்துதானே இருக்கு எண்டு இன்டர்வியூவுக்கு ஆயத்தப்படுத்தத் தொடங்கினன். ஐயர் எழும்பிப் போனார். ஸ்கிரீன் பூட்டிச்சு!

"ஐயா! வாங்கோ, வாங்கோ!"

பாவம் மனுசன், சாப்பிட்டுப் படுக்கிற நேரம். கதிரையைப் போட்டு எனக்குப் பக்கத்தில இருத்தினன். வெறும் மேல், நெத்தி நிறையத் திருநீறு. மற்றப் பக்கம் டை கட்டின நான். சரியா ரெண்டு மணிக்கு இன்டர்வியூ எடுக்க ஸ்கிரீனில வந்த வெள்ளைக்கார மேடம் எங்கள் ரெண்டு பேரையும் மாறி மாறிப் பாத்தா. ஒண்டும் கேக்கேல்ல. நாகரிகமான ஆள்.

பத்து நிமிஷத்தில ஐயருக்குக் கண் சொக்கிச்சு. கண் மூடினதும் ஸ்கிரீன் இருண்டுது. முழங்கையால ஒரு இடி. முழிச்சார், திறந்துது. திரும்பச் சொக்கினார். திரும்ப இடிச்சன். நான் செய்த கணக்கில பாதி இடிச்சுச் செய்தது.

கடைசியில மேடத்துக்குப் பொறுக்கேல்ல. உங்களுக்குப் பக்கத்தில இருக்கிறவர் ஆர் எண்டு இங்கிலீஷில கேட்டா.

மாமா எண்டு சொல்லுவமோ, ஓடிற்றர் எண்டு சொல்லுவமோ எண்டு நான் முழுசிக்கொண்டிருக்க, ஐயர் நிமிர்ந்து இருந்து தானே பதில் சொன்னார்.

"ஐ ஆம் த பாஸ்வேர்ட், மேடம்."

மேடம் கண்ணாடியைக் கழட்டி மேசையில வைச்சா. பிறகு அவ கதிரையில சாய்ஞ்சு, கண்ணீர் வரச் சிரிச்சா. நான் முழுக் கதையையும் சொன்னன். வேற வழி?

பின்னேரம் மெயில் வந்துது. கணக்கு எல்லாம் சரியாம். பதட்டத்திலயும் வேலையை முடிச்சது பிடிச்சிருக்காம். திங்கக்கிழமை தொடங்கட்டாம்!

"பாத்தீங்களோ, பூசையின்ர பலன்" எண்டா சசி. அழுதும் போட்டா. நானும்தான்.

கடைக்காரனுக்குப் போன் பண்ணினன். "எல்லாம் ஒண்டுக்குள்ளதானே அண்ணே, முழுசாக் கொண்டுவந்து தாங்க. ஒரு கிழமையில அழிச்சுப் புதுசாத் தாறம்." ஒரு கிழமைக்கு வேற கொம்பியூட்டருக்கு எங்க போறது? ஆக, வீட்டில இருந்து பாக்கிற வேலைக்கு நான் திங்கக்கிழமை பஸ் ஏறிக் கொட்டாஞ்சேனைக்குப் போறன்.

பேஸ்புக்கில படத்தைப் பாத்திட்டு, இந்த விலைக்கு அது பெறுமதியோ எண்டு இன்பொக்ஸில கேட்ட எல்லாருக்கும்: தயவுசெய்து ஐயரைக் கேளுங்கோ, அவருக்கு நல்லா வேலை செய்யுது.