இடப்பக்கத்து நட்டு

இந்த நவராத்திரிக்குள் அடையாறு சந்திரமௌலியின் வயிற்றில் ஓர் அண்டா நெருப்பைக் கொட்டுவது என்று மகாளய அமாவாசைக்கு முந்தின வாரம் தீர்மானம் செய்தேன். நெருப்புக்காக நான் எங்கும் அலைய வேண்டியதில்லை. என் வயிற்றில் எரிந்துகொண்டிருந்ததை அப்படியே இடம் மாற்றினால் போதும்.

எங்கள் இருவரிடமும் ஒரே மாதிரி கார். எம்.ஜி. வெள்ளைக்காரன் செய்த பழைய ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே பேர் உட்காரலாம். என்னுடையதை நீலகிரித் தேயிலைத் தோட்டத்துத் துரை ஒருவன் கப்பலேறும் அன்று விற்றுவிட்டுப் போனான். ஹார்பரில் அதைக் கட்டிக்கொண்டு அழுதான் பாருங்கள், கப்பல் அவனுக்காகக் காத்திருந்தது. அவன் மனைவி பக்கத்தில் நின்று ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையை அப்புறம் நான் என் வீட்டில்தான் பார்த்தேன். ஹார்ன் மட்டும் சாமானியமில்லை. முதல் தடவை மாட வீதியில் அடித்தபோது கபாலி கோயில் கோபுரத்துப் புறாக்கள் எல்லாம் திருவல்லிக்கேணிக்குக் குடிபோய்விட்டன. இன்னும் திரும்பவில்லை.

வருஷா வருஷம் பழைய கார்களுக்கு ஒரு போட்டி உண்டு. எந்தக் காரில் கம்பெனி போட்ட சாமான் அப்படியே இருக்கிறதோ அதற்குக் கோப்பை. என் காரில் எல்லாம் ஒரிஜினல், ஒன்றைத் தவிர. இந்தக் கார்களில் சக்கரத்தின் நடுவே இரண்டு காது வைத்த பெரிய நட்டு ஒன்றுதான் சக்கரத்தையே பிடித்துக்கொண்டிருக்கும். காதில் சுத்தியால் தட்டித் திருக வேண்டும். இடப்பக்கத்து நட்டு ஒரு திக்கில் சுற்றும், வலப்பக்கத்து நட்டு எதிர்த் திக்கில். பார்க்க இரட்டைப் பிள்ளைகள். மாற்றி மாட்டினால் மாமியார் மருமகள், சேரவே சேராது. என் காரின் பின்பக்கத்து இடது நட்டு மட்டும் லேத்தில் கடைந்த போலி. ஜட்ஜ் வந்ததும் நேரே அங்கே போய்த்தான் குனிவார். சந்திரமௌலி கோப்பையை வாங்கிக்கொண்டு, "அடுத்த வருஷம் பார்க்கலாம், ஓய்" என்பார்.

"இந்த வருஷமும் கப்பு வரலேன்னா?" என்று கேட்டாள் என் மனைவி நீரஜா. அவள் பாட்டு டீச்சர். குழந்தைகள் எங்கள் ஹாலில் தீப்பெட்டிக் குச்சி மாதிரி அடுக்கி உட்கார்ந்து பாடும். கார் ஷெட் மேல் அவளுக்கு வெகு நாளாக ஒரு கண்.

"வரும்."

"வரலேன்னா?"

"ஷெட்டை உனக்குக் காலி பண்ணித் தரேன். பெருமாள் மேல ஆணை."

"அவா கார்ல சத்தமே இல்லை, தெரியுமோ?"

"உனக்கெப்படித் தெரியும்?"

"போன வாரம் பாண்டி பஜார்ல நல்ல மழை. கொண்டுவந்து விட்டார்."

"யாரு?"

"சந்திரமௌலி மாமாதான். ரெண்டே ஸீட்டா, சௌகரியமா இருந்தது."

அன்றைக்குப் பிடித்த நெருப்புதான் மேலே சொன்னது.

புதுப்பேட்டைக்கு ஓடினேன். பழைய சாமான் கடை குலாம் முகம்மது சிரித்தார். "லேத்துல வேற ஒண்ணு போட்டுத் தரவா சாமி? வெள்ளைக்காரனே ஏமாந்துடுவான்."

"ஜட்ஜ் ஏமாற மாட்டேங்கறாரே."

"அப்ப ஒரிஜினலு இந்த மெட்ராஸ்ல அடையார்க்காரர் வூட்லதான் கீது. ஷோகேஸ்ல வெச்சிக்கினு தெனம் தொடச்சிக்கினு கீறாராம். போய்க் கேளு நைனா."

போய்க் கேட்டேன். இடது ஒன்று, வலது ஒன்றாக, உபரி நட்டுகள் இரண்டு சிவப்பு வெல்வெட்டில் தம்பதி சமேதராக வீற்றிருந்தன.

"ஓய், அந்த இடப்பக்கத்து நட்டு…"

"கிட்னி கேளும், தரேன். நட்டு கேக்காதேயும்."

வாசல்வரை வந்து விட்டவள் அவர் மனைவி ஸ்ரீலக்ஷ்மி. "மாமா, உங்காத்துக் கொலுல பண்ருட்டிச் செட்டியார் பொம்மை ஒண்ணு இருக்கே, அந்தத் தொந்தியும் சிரிப்பும்… இப்பல்லாம் யார் பண்றா அப்படி" என்று பெருமூச்சு விட்டாள்.

எனக்கு மூளையில் பல்பு எரிந்தது. பொம்மை வந்தால் நட்டு தருவாளா? தருவாளாம். அவள் அவ்வளவு சீக்கிரம் தலையாட்டியதை நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். போட்டிக்கு முதல் நாள், சனிக்கிழமை, சந்திரமௌலி வெளியே போனதும் கொடுத்துவிடுவதாக ஏற்பாடு.

வடக்கு மாட வீதியில் புதுச் செட்டியார் ஒருவரை வாங்கினேன். டிகாக்ஷனில் குளிப்பாட்டினேன். அடுப்புப் புகையில் காட்டினேன். ஒரே நாளில் அவருக்கு ஐம்பது வயது கூடிற்று. அமாவாசையன்று கொலுப் பெட்டியிலிருந்து பழைய செட்டியார் காய்கறிப் பையில் அடையாறு போனார். புதியவர் அவருடைய வேட்டித் துணியைச் சுற்றிக்கொண்டு உள்ளே படுத்தார்.

சாயங்காலம் படி கட்டி, பொம்மைகளை எடுத்து வைத்தாள் நீரஜா. செட்டியாரைக் கையில் தூக்கியவள் கொஞ்சம் நின்றாள்.

"ஏன்னா, செட்டியார் இளைச்சுட்டாரே."

"வயசாறதோல்லியோ."

"காப்பி வாசனை வேற வரது."

"இத்தனை வருஷம் நம்மாத்துல இருக்கார். அவருக்கும் பழகியிருக்கும்."

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். இருவரும் ஒரே விஷயத்துக்குச் சிரிக்கவில்லை என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை நீரஜா அடையாறுக்கு வெற்றிலை பாக்குக்குப் போய் வந்தாள். பை கனமாக இருந்தது. சுண்டல் என்றாள். இருக்கும், அவர்கள் வீட்டுச் சுண்டல் கல் மாதிரிதான் என்று நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை ஸ்ரீலக்ஷ்மி வாசலிலேயே ஒரு மஞ்சள் துணி மூட்டையை என் கையில் திணித்தாள். "சீக்கிரம் போங்கோ மாமா, அவர் வந்துடுவார்." துணிக்கு மேலேயே தடவினேன். இரண்டு காது. ஒரிஜினல் கனம். பஸ்ஸில் அதை மடியில் வைத்துக் குழந்தை மாதிரி தட்டிக்கொண்டே வந்தேன்.

ஷெட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். போலியைக் கழற்றி எறிந்தேன். புதியதை வைத்துத் திருகினேன். திருகினேன். இன்னும் திருகினேன். பிடிக்கவே இல்லை. மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நட்டின் நெற்றியைப் படித்தேன். வலப்பக்கம்.

ஓடிவந்து ஹாலில் இருந்த போனை எடுத்தேன்.

"ஸ்ரீலக்ஷ்மி, இது வலதும்மா. எனக்கு இடது வேணும்."

"நீங்க நட்டுன்னுதானே கேட்டேள் மாமா?"

"இடதை இப்பக் குடேன்."

"அது இல்லையே. நேத்து நீரஜா மாமி வந்து செட்டியாரைத் திருப்பிக் கேட்டா. அவர் உக்கார ஒரு பீடம் வேணும்னா. ஆத்துக்காரரே ஷோகேஸைத் திறந்து எடுத்துக் குடுத்தார்."

"அவரேவா?"

"பாட்டு டீச்சர் கேட்டா மாட்டேன்னு சொல்ல முடியுமா மாமா? எங்க பொண்ணு வர்ஷினிக்குக் கிளாஸ்ல இடம் தரேன்னிருக்கா. ஷெட் காலியானதும்."

எனக்குக் கிட்னி. அவளுக்கு நட்டு. போனை வைத்துவிட்டு மெதுவாகக் கொலுவைப் பார்த்தேன். மூன்றாம் படியில், தொந்தியும் சிரிப்புமாகப் பழைய செட்டியார். அவர் உட்கார்ந்திருந்த பீடத்தை மூடியிருந்த பட்டுத் துணியைத் தூக்கினேன். அடியில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு காது.

கையை நீட்டினேன்.

"கொலுல வெச்சதை விஜயதசமிக்கு முன்னாடி எடுக்கப்படாது" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"நாளைக்குப் போட்டிடி, நீரஜா."

"அம்பாள் உக்காந்திருக்கற படி. தொட்டுப் பாருங்கோ."

"உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"நட்டைக் கவுத்துப் போட்டு ஒரிஜினலா போலியான்னு நீங்கதானே பார்ப்பேள்? நானும் செட்டியாரைக் கவுத்துப் பார்த்தேன். பண்ருட்டி மண்ணு இல்லை, காகிதக் கூழு. ஸ்ரீலக்ஷ்மிக்கு போன் பண்ணினேன், எல்லாத்தையும் சொல்லிட்டா. பெருமாள் மேல ஆணை வெச்சவர் யாரு?"

ஞாயிற்றுக்கிழமை போலி நட்டோடு போனேன். ஜட்ஜ் குனிந்தார், நிமிர்ந்தார், உச்சுக்கொட்டினார். கோப்பையை வாங்கிக்கொண்ட சந்திரமௌலி, "மாமி பாட்டு கிளாஸ் எப்போ ஆரம்பம், ஓய்?" என்று கேட்டார்.

விஜயதசமியன்றே ஆரம்பம். நல்ல நாள். காலையில் ஷெட்டில் கோலம் போட்டு ஜமக்காளம் விரித்தாயிற்று. வர்ஷினியை அவள் அப்பா சத்தமே இல்லாத காரில் கொண்டுவந்து விட்டார். காற்றுக்குக் கதவு அடித்துக்கொள்ளாமலிருக்க, கொலுவிலிருந்து இறங்கிய நட்டைத்தான் நீரஜா முட்டுக் கொடுத்தாள். என் காரைத் தெருவில் விட வேண்டாமே என்று அவளே யோசித்து, அடையாறில் காலியாகக் கிடந்த ஒரு கராஜில் சொல்லி வைத்திருந்தாள்.

ஆக, ஒரிஜினல் இடப்பக்கத்து நட்டு இப்போது என் வீட்டில்தான் இருக்கிறது. கார்தான் சந்திரமௌலி வீட்டில்.