அறுபத்தஞ்சு டிகிரி குப்பை

அன்று காலை கருத்தக்கண்ணன் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். இந்த வீட்டில் ஒன்று குப்பை இருக்க வேண்டும், இல்லையென்றால் அவர் இருக்க வேண்டும். இரண்டில் எது போனால் மனைவி முனீஸ்வரி அழுவாள் என்பதில் அவருக்கே சந்தேகம் இருந்ததால், அவளைக் கேட்காமலே முடிவெடுத்தார்.

தாலுகா ஆபீசில் ஹெட் கிளார்க்காக இருந்து போன சித்திரையில் ஓய்வு பெற்றவர். ஆனையூர் வீட்டுக் கொல்லை மூலையில் ஒரு கார் ஷெட் போட வேண்டும் என்று ஆசை. கார் இன்னும் வாங்கவில்லை. ஷெட்டைப் போட்டுவிட்டால் அது தானாக வந்து நின்றுவிடும் என்று ஒரு நம்பிக்கை. அந்த மூலையில்தான் முனீஸ்வரி ஆறு வருஷமாக மாட்டுச் சாணம், காய்கறித் தோல், வேப்பந்தழை, அவருடைய பழைய பனியன் எல்லாவற்றையும் கொட்டி, இடுப்பு உயரத்துக்கு உரம் மக்க வைத்திருந்தாள்.

அவள் காய் வாங்கப் போன நேரம் பார்த்து மண்வெட்டியோடு இறங்கினார். மேலே இரண்டு தள்ளு தள்ளினார். உள்ளேயிருந்து குபுகுபுவென்று புகை வந்தது. திடுக்கிட்டுப்போனார். எவனாவது பீடித் துண்டைப் போட்டுவிட்டானா? கையை உள்ளே விட்டுத் துழாவினார்.

அவர் போட்ட சத்தத்தில் எதிர் வீட்டு நாய் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. பையும் கையுமாக முனீஸ்வரி ஓடி வந்தாள்.

"என்னாச்சுங்க?"

"ஏத்தா, உள்ள தீ எரியுது! கொப்புளத்தப் பாரு!"

"தீயும் இல்ல, ஒண்ணும் இல்ல. அறுபத்தஞ்சு டிகிரி. மக்குன்னா அம்புட்டுச் சூடு இருக்கும்."

"யாரடி மக்குங்கற?"

"உரத்தச் சொன்னேங்க."

"குப்பைக்கு எதுக்கு இம்புட்டுச் சூடு?"

"இந்த வீட்ல எதுக்காச்சும் சூடு இருக்க வேணாமா?"

அதற்குள் வாசலில் மணி அடித்தது. இசைவாணி என்று ஒரு பெண். பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறாளாம். முனீஸ்வரி காபி போட உள்ளே போனாள்.

"விருமாண்டின்னு ஒருத்தர் மல்லித் தோட்டம் வச்சிருக்கார் சார்."

"என் மச்சினன்தான்."

"அவர் தோட்டத்துல பூஞ்சை விழுந்து, செடியெல்லாம் வேரழுகிப் போச்சு. ரெண்டு பாத்தி மட்டும் பச்சையா நிக்குது. என்ன போட்டீங்கன்னா, இந்த வீட்டு உரம்கிறார். எடுத்துச் சோதிச்சோம். நாம தொட்டாச் சுடுற சூட்டுலதான் சில பாக்டீரியா சொகுசா வாழும் சார். அது ஒரு நொதி சுரக்குது. அந்த நொதி பூஞ்சையோட தோலையே கரைச்சிடுது. இம்புட்டுச் சூட்டுலயும் கெட்டுப்போகல! இந்த உரத்த வளர்த்த கை சாதாரணக் கை இல்ல. எங்க கட்டுரையில அவங்க பேரைப் போட்டு நன்றி சொல்லப்போறோம்."

கருத்தக்கண்ணனுக்குத் தலை சுற்றியது. தன் பழைய பனியனுக்குள் இவ்வளவு விஞ்ஞானமா? அடுக்களைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். டம்ளர் சத்தம் கேட்டது.

"நாந்தாம்மா அது," என்றார். "ஆறு வருஷ உழைப்பு. கையப் பாரு."

"ஐயோ, கைய விட்டா சூடு பாப்பீங்க!"

"தினமும்."

பின்னாலேயே காபி வந்து நின்றது. செத்தோம் என்று நினைத்தார். முனீஸ்வரி சிரித்த முகமாக, "ஆமா தாயி. என்னைய அந்தப் பக்கமே விடமாட்டாரு," என்றாள்.

அவருக்குக் கொப்புளம் வலித்ததைவிட இது பெரிய அதிர்ச்சி. முப்பத்திரண்டு வருஷத்தில் அவள் அவரை ஆமோதித்தது இதுதான் முதல் தடவை. அந்த மயக்கத்திலேயே, கால்புள்ளி இல்லையென்று மனுவைத் திருப்பி அனுப்பிய மனுஷன், அந்தப் பெண் நீட்டிய தாளில் படிக்காமல் கையெழுத்துப் போட்டார்.

இசைவாணி ஒரு முழ நீளத் தெர்மாமீட்டரையும் நோட்டையும் கையில் கொடுத்தாள்.

"காலை ஆறு, மத்தியானம் பன்னெண்டு, சாயங்காலம் ஆறு. மூணு வேளையும் சூட்டைக் குறிச்சு அனுப்பணும் சார். மூணு நாளைக்கு ஒருக்க அடியில உள்ளது மேல வர்ற மாதிரி மொத்தத்தையும் புரட்டிப் போடணும். வாரம் ரெண்டு கூடை சாணம்."

"எம்புட்டு நாளைக்கும்மா?"

"மூணு மாசம்தான் சார்."

மறுநாள் முனீஸ்வரி பெட்டியோடு வந்து நின்றாள். "கோயம்புத்தூர்ல மக வீட்டுக்குப் போறேன். உரந்தான் உங்க பொறுப்பாச்சே, எனக்கு இங்க என்ன வேலை?"

முதல் புரட்டலிலேயே இடுப்பு பிடித்துக்கொண்டது. சாணி அள்ளிக் கொண்டுவந்தபோது தெருவே வேடிக்கை பார்த்தது. ஏழாம் நாள் மானத்தை விட்டுவிட்டு இசைவாணிக்குப் போன் போட்டார்.

"எம்மா, உண்மையச் சொல்லிடுறேன். அந்த உரத்த வளர்த்தது நானில்ல. எங்க வீட்டம்மா."

"தெரியும் சார்."

"என்னது!"

"அக்காவுக்கு முழங்கால் வலியாம், இனிமே புரட்ட முடியாதாம். 'அவர்கிட்ட வேலைன்னு சொன்னா ஓடிடுவாரு, பேரு போடுறோம்னு சொல்லு, அவரே மாட்டிக்குவாரு'ன்னு நான் வர்றதுக்கு முன்னாடியே போன்ல சொல்லிட்டாங்க. அது இருக்கட்டும் சார், இன்னைக்கு மத்தியானச் சூடு இன்னும் வரலையே?"