சுவர்ஞானியும் சோடா பாட்டிலும்

"உலகத்தில் எழும்பிய எல்லாச் சுவர்களும் என்னோடு பேசியிருக்கின்றன. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: ஜன்னலைத் திறக்கிறவன் மூடன்!"

சுவர்ஞானி இப்படி அறிவித்தபோது யாரும் சிரிக்கவில்லை. சிரிக்க இடமில்லை. நாலு மாடிக் குடியிருப்பின் மொத்த ஜனமும் தையல்காரியின் ஒற்றை அறைக்குள் நின்றுகொண்டிருந்தது.

விஷயம் இதுதான். குளிர்காலம் வந்தால் அந்தக் கட்டடத்துச் சுவர்கள் அழுதன. அழுத இடமெல்லாம் கறுப்புப் பூசணம். தையல்காரி வீட்டுப் பூசணத்துக்கு மூக்கும் முழியும்கூட வந்துவிட்டது. அவளுடைய ஏழு வயது மகளுக்கோ மூச்சு விசிலடித்தது. அறைகளைச் சூடாக்கும் ஹீட்டர் கெட்டு இரண்டு குளிர்காலம் ஆயிற்றே என்று எல்லாரும் வீட்டுக்காரரை நெருக்கினார்கள். அவர் மெக்கானிக்கை விட்டுவிட்டு ஞானியை அழைத்துவந்தார். பேய் என்று சொல்லிவிட்டால் உதிரிபாகம் வாங்க வேண்டியதில்லை.

ஞானி சுவரின் கண்ணீரைத் துணியில் ஒற்றி முகர்வார். பேயின் ஜாதகத்தையே சொல்வார். பிறகு ஜன்னல் இடுக்கையெல்லாம் மந்திர மெழுகால் அடைத்து, மூன்று வேளையும் அண்டா நிறைய வெந்நீர் கொதிக்கவிடச் சொல்வார். பேயை விரட்ட வந்தவர் அது போகிற வழியை ஏன் அடைக்கிறார் என்று ஒருவரும் கேட்கவில்லை. சுவர்கள் முன்னைவிட ஜோராக அழுதன. "பேய் பயந்து அழுவுது பாருங்க!" என்று ஜனம் பூரித்தது. ராத்திரி மட்டும் கேட்ட குழந்தையின் விசில் பகலிலும் கேட்டது.

இந்தக் கூட்டத்துக்கு முந்தின நாள் வந்த தையல்காரியின் நாத்தனார், ஃப்ரிட்ஜ் மெக்கானிக், வாசலிலேயே மூக்கைப் பொத்தினாள்.

"என்ன அண்ணி, வீட்டுக்குள்ளயே மழைக்காலம் நடத்துறீங்களா?"

"மெதுவாப் பேசுடி, பேய் காதுல விழுந்துடப்போவுது."

"அதுக்குக் காது இருந்தா உங்க பொண்ணு இருமுற சத்தத்துக்கே ஓடியிருக்கும். டாக்டர் என்ன சொன்னார்?"

ஜன்னலைத் திற, அறையைச் சூடாக வை, பூசணத்தைத் துடை என்று டாக்டர் சொல்லியிருந்தார். கூட்டம் சேராத வைத்தியம்.

உள்ளே மகள் இருமினாள். ஒரு நிமிஷத்துக்கு நிற்கவேயில்லை. தையல்காரி வெட்டுத்துணியை எடுத்து இரண்டு சதுரம் வெட்டினாள். ஒன்றின் ஓரத்தில் சிவப்பு நூல் ஓட்டினாள், மற்றதில் நீலம்.

அந்தத் துணிகள்தான் இப்போது ஞானியின் கையில். சிவப்பை முகர்ந்தார். "சோம்பேறிப் பேய். விட்டுத் தள்ளுங்கள்."

நீலத்தை முகர்ந்ததும் கண் சொருகியது. "ஐயையோ! கிணற்றில் விழுந்த பெண்! முந்நூறு வருஷமாகக் கதறுகிறாள்!"

கூட்டம் உச்சுக் கொட்டியது. ஒருத்தி அழுதேவிட்டாள்.

"சிவப்புதாங்க சுவர்ல ஒத்துனது," என்றாள் தையல்காரி. "நீலத்துல இருக்கிறவ கிணத்துல விழல. ஃப்ரிட்ஜுல இருந்தா."

நாத்தனார் ஐஸ் பெட்டியிலிருந்து சோடா பாட்டிலை எடுத்து மேசையில் வைத்தாள். அண்டா நீராவியில் எல்லார் கண்ணெதிரேயும் அது முத்து முத்தாக வேர்த்தது.

"இதைத் துடைச்ச துணிதான் அது. நீராவி சில்லுன்னு இருக்கிறதுமேல போய் ஒட்டும். பாட்டிலானா என்ன, ஹீட்டர் இல்லாத சுவரானா என்ன? நீங்க கொதிக்கவெச்சதைத்தான் அது அழுவுது."

"அப்ப மூணு மாசமா சுவத்துக்குத் தண்ணி ஊத்துனோமா?" என்றார் மேல்வீட்டு டிரைவர்.

"பூசணத்துக்கு, அண்ணே. நல்லாத்தான் வளர்த்திருக்கீங்க."

கூட்டம் வீட்டுக்காரர் பக்கம் திரும்பியது. நாளைக்கே ஹீட்டர் ஓடும் என்று கையெழுத்துப் போடும்வரை அவரைப் படியிறங்க விடவில்லை.

அந்தக் கலாட்டாவில் ஞானியைத் தையல்காரி மட்டுமே பார்த்தாள். இருமல் முட்டி, முகம் சிவந்து, அவர் ஓசைப்படாமல் ஜன்னலோரம் நகர்ந்தார். தன் மந்திர மெழுகைத் தானே நகத்தால் சுரண்டினார். கொண்டியை நீக்கி, மூக்கை வெளியே நீட்டி, ஆசைதீர மூச்சு இழுத்தார்.

தையல்காரி மகளைத் தூக்கிவந்தாள். "கொஞ்சம் தள்ளி நில்லுங்க ஐயா. இன்னொரு மூடனுக்கும் இடம் வேணும்."

கொண்டி முதல் நாளிலிருந்தே உள்பக்கம்தான் இருந்தது. தலையும் அவரவர் கழுத்துக்கு மேலேதான் இருந்தது. இரண்டையும் யாரும் தொட்டுப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.