இசைத்தட்டில் மிஞ்சிய நான்கு நொடி

கோபத்தைக் கத்திப் பாடும் பங்க் ராக் வகையில், மூன்று பேர் கொண்ட குழு ஒன்று, தன் முதல் ஆல்பத்தை வினைல் இசைத்தட்டாக வெளியிட விரும்பி, ஒலித்தட்டு ஒப்புதல் அலுவலகத்தில் முறைப்படி மனுக் கொடுத்தது. தட்டில் வராத பாட்டு பாட்டே இல்லை என்று இளசுகள் அடம்பிடிக்கும் காலம். வாங்குகிறவர்களில் பாதிப் பேர் வீட்டில் அதைச் சுழற்றக் கருவி கிடையாது. மாட்டச் சுவர் இருந்தது.

இருபது பாட்டு. ஒன்றுக்கு ஒரு நிமிடம் ஐம்பது நொடி. கூட்டினால் முப்பத்தாறு நிமிடம் நாற்பது நொடி. தட்டு இரு பக்கமும் சேர்த்து நாற்பது நிமிடம் கொள்ளும். தொண்டையின் புண்ணியத்தில் ‘சைரன்’ என்று பெயர் வாங்கிய பாடகி இதை மூன்று முறை சரிபார்த்திருந்தாள். அவளுக்கு அதில் ஒரு பாட்டுதான் உயிர்: ‘நாலாம் கவுண்டர்’. ஒரு சான்றிதழுக்காக அம்மா அரசு அலுவலகத்தின் அந்தக் கவுண்டருக்கு ஆறு நாள் அலைந்து வெறுங்கையோடு திரும்பியபோது எழுதியது.

“என் பாட்டு தட்டுல வந்துடும்ல?” என்று அம்மா தினமும் கேட்டாள்.

“வராம எங்க போகும்?”

ஒப்புதல் அலுவலர் தன்மையான மனிதர். இருபது பாட்டையும் கண்ணை மூடிக் கேட்டார்.

“நல்ல கோபம்மா. ஆனா யாரோட கோபம்னு கேக்கறவங்களுக்குத் தெரியணுமே?”

“என்னோட கோபம் சார்.”

“அதைத்தான் ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால அறிவிக்கணும். ‘பின்வரும் கோபம் பாடுபவரின் சொந்தக் கோபம், இத்துறைக்கு அதில் பங்கில்லை, கேட்போர் நிதானம் இழக்க வேண்டாம்...’ முழுசாப் படிச்சா ரெண்டு நிமிஷம் பத்து நொடி. நானே படிச்சுத் தரேன்.”

சைரன் நோட்டை எடுத்தாள். “இருபது அறிவிப்புக்கே நாப்பத்து மூணு நிமிஷம் இருபது நொடி ஆகுது சார். பாட்டே இல்லாம.”

“தட்டைக் கொஞ்சம் பெரிசா செய்யுங்க.”

“எந்த மெஷின்லயும் உக்காராது.”

“மெஷின் வேற துறைம்மா.”

பத்துப் பாட்டை எடுத்தார்கள். மிச்சம் பத்துப் பாட்டும் பத்து அறிவிப்பும் கச்சிதமாக நாற்பது நிமிடம். அலுவலர் பாராட்டினார். பிறகு நெற்றியைத் தேய்த்தார்.

“எடுத்த பாட்டெல்லாம் எங்கேன்னு பொதுமக்கள் கேட்டா? ஒவ்வொண்ணுக்கும் நீக்கல் அறிவிப்பு வேணும். சின்னதுதான். ரெண்டே நிமிஷம்.”

“அதுக்கு இடமில்லையே சார்.”

“இன்னும் அஞ்சு எடுங்க.”

“எடுத்தா நீக்கல் அறிவிப்பு பதினஞ்சு ஆகும். அதுவே முப்பது நிமிஷம். மிச்ச அஞ்சு பாட்டும் அதோட அறிவிப்பும் இருபது. மொத்தம் அம்பது.”

“எல்லாத்தையும் எடுத்தா?”

பென்சில் நின்றது. “நாப்பது நிமிஷம். சரியா.”

“பாத்தீங்களா! விதி எழுதினவங்க முட்டாள் இல்லம்மா.”

“சார், நாலாம் கவுண்டர் மட்டுமாவது...” சைரனின் குரல் வாழ்க்கையில் முதல் முறையாகத் தாழ்ந்தது.

அலுவலர் இளகினார். ஒலிப்பதிவில் கடைசி நீக்கல் அறிவிப்பை மூச்சுவிடாமல் படித்து, நான்கு நொடி மிச்சம்பிடித்துக் கொடுத்தார். நான்கு நொடி பாட்டாகாது, வெறும் ஓசை. ஓசைக்கு அறிவிப்பு தேவையில்லை. “ஏய், நாலாம் கவுண்டர்!” என்று அவள் ஒரு முறை கத்துவதற்குள் தட்டு முடிந்துவிட்டது.

ஐந்நூறு தட்டும் இரண்டே நாளில் காலி. ‘அலுவலக மொழியையே ஆயுதமாக்கிய அசல் பங்க்’ என்று ஒரு விமர்சகர் உருகினார். இளசுகள் அறிவிப்புகளை மனப்பாடமாக ஒப்பித்து, ‘பங்கில்லை’ வரும் இடத்தில் தலைமயிர் பறக்க ஆடினார்கள். சட்டைகளில்கூட அந்த வாசகம் ஏறிவிட்டது.

வெற்றி விழா வைத்தார்கள். மேடைக்கு விதி கிடையாது என்பதை விசாரித்து உறுதி செய்துகொண்டு, பாட்டை முழுசாகப் பாடுவதென்று சைரன் முடிவெடுத்தாள். மைக்கைப் பிடித்து நிமிர்ந்தால் எதிரே நாற்காலிகள்தான் இருந்தன. கூட்டம் மொத்தமும் சுவரோரம் வரிசையில் நின்றது. வரிசையின் முன்முனையில் மேசை போட்டு, அலுவலர் தட்டுகளில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

மூன்றாவது ஆளாக, தட்டை மார்போடு அணைத்தபடி, அம்மா.

சைரன் இறங்கி ஓடினாள். “அம்மா, உன் பாட்டு. முழுசாப் பாடப் போறேன். வந்து உக்காரு.”

“நீ பாடு கண்ணு, இங்கேருந்தே காதுல விழும். நகர்ந்தா இடம் போயிடும்.”

பின்னால் நின்ற இருநூற்றுப் பதினாறு பேரும் ஆமாம் என்று தலையாட்டினார்கள்.