வெள்ளவத்தையில் வேல் ரதம் நின்ற விதம்

சேசு மரி சூசை

கொட்டாஞ்சேனை, கொழும்பு
1937, ஆடி மாதம்

பட்சமுள்ள மாக்ரெட் மச்சாளுக்கு, உங்கள் தங்கை புளோறன்ஸின் புருஷன் ஸ்ரனிஸ்லாஸ் தோத்திரம் சொல்லி எழுதிக்கொள்வது. சர்வேசுரன் கிருபையால் நான் நடமாடுகிறேன். புளோறன்ஸ் நேற்றுப் பின்னேரம் படுத்தவள், இன்னும் எழும்பவில்லை. வருத்தம் ஒன்றுமில்லை, வெட்கம்தான். யாழ்ப்பாணத்தில் நீங்களும் பிள்ளைகளும் சுகமாயிருக்கத் தேவமாதாவை மன்றாடுகிறோம். இந்தக் கடிதத்தை நின்றுகொண்டு வாசிக்க வேண்டாம். ஒரு செம்பு தண்ணீரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இருந்து வாசியுங்கள்.

விஷயம் உங்கள் தம்பி கிளெமென்ற் சுவாமியைப் பற்றியது. வேறு யாரால் எனக்கு இந்த வயதில் நெஞ்சு இப்படி அடிக்கப் போகிறது? தாயில்லாத பிள்ளையைத் தோளில் போட்டு வளர்த்துக் குருமடத்துக்கு அனுப்பினீர்கள். அவர் முதல் பூசை வைத்த அன்று, அத்தனை சனத்துக்கும் முன்னால், "இவர் ஒருநாள் மேற்றிராணியார் ஆவார், இருந்து பாருங்கோ ஸ்ரனிஸ்லாஸ்" என்று என்னிடம் சொன்னீர்கள். நான் இருந்து பார்த்துவிட்டேன், மச்சாள். பார்த்ததைத்தான் எழுதுகிறேன்.

புனித பொலிகார்ப் கல்லூரி என்று அவருடைய கடிதத் தலைப்பில் படித்துவிட்டு நீங்கள் அங்கே கோபுரமும் மணிக்கூண்டும் இருக்கும் என்று நினைத்திருப்பீர்கள். நானும் அப்படி நினைத்துத்தான், போன வருஷம் துறைமுகக் கந்தோரில் பென்ஷன் எடுத்த கையோடு, சலவை செய்த கோட்டும் போட்டுக்கொண்டு வெள்ளவத்தைக்குப் போனேன். கல்லூரி என்பது பக்கத்துத் தேங்காய்க்கடை மஜீட் நானாவின் பழைய தேங்காயெண்ணெய்க் கிட்டங்கி. கால் வைத்தால் வழுக்கும். லத்தீன் வகுப்புக்கும் கணக்கு வகுப்புக்கும் நடுவே சுவர் இல்லை, ஒரு சாக்குத் திரைதான். இந்தப் பக்கம் பிள்ளைகள் லத்தீன் வினைச்சொல் சொன்னால் அந்தப் பக்கம் ஏழாம் வாய்பாடு கேட்கிறது, இரண்டும் கலந்து ஒரு புதுப் பாஷையே பிறந்துவிட்டது. கூரையில் ஒருவன் குந்தியிருந்து ஓடு மாற்றிக்கொண்டிருந்தான். "டேய், பிறின்சிப்பல் சுவாமி எங்கை?" என்று கீழே நின்று அதட்டினேன். "வாங்கோ அத்தான், அந்த ஏணியை ஒருக்கால் பிடியுங்கோ" என்று மேலேயிருந்து பதில் வந்தது. மச்சாள், உங்கள் தம்பியை, அபிஷேகம் பெற்ற குருவானவரை, நான் டேய் என்றுவிட்டேன். அங்கியை இடுப்பில் செருகிக்கொண்டு, வாயில் இரண்டு ஆணியையும் கவ்விக்கொண்டு இறங்கி வந்து எனக்கு ஆசீர்வாதம் தந்தார். அன்றைக்கே தந்தி அடித்து உங்களை வரவழைத்திருக்க வேண்டும். புளோறன்ஸ்தான் வேண்டாமென்று தடுத்துவிட்டாள்.

பிள்ளைகள் யார் என்று கேளுங்கள். வசதியான கத்தோலிக்கர்கள் தங்கள் பிள்ளைகளைப் பெரிய கல்லூரிகளுக்குத்தானே அனுப்புவார்கள்? இங்கே படிப்பவர்கள் சுவாமி சைக்கிளில் தெருத் தெருவாய்ப் போய்ப் பிடித்து வந்தவர்கள். ஜிந்துப்பிட்டி ஒழுங்கைகளில், துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்களின் வாசலில், ஒரு தோசைக்கடை மர வாங்கில் குந்தியிருந்து தகப்பன்மாரோடு கதைக்கிறார். கதைத்து முடிந்தால் அவர்களோடு சேர்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் எழும்புவார். "பிள்ளை விபூதியோடையே வரட்டும். வீட்டுப்பாடம் செய்யாமல் வந்தால்தான் எனக்குக் கோபம் வரும்" என்று வாக்கும் கொடுத்திருக்கிறார். எனக்குப் பொறுக்கவில்லை. "சுவாமி, நீங்கள் நடத்திறது கத்தோலிக்கக் கல்லூரியோ, கதிர்காமத்து மடமோ?" என்று கேட்டேவிட்டேன். "பெரிய கல்லூரி எடுக்காத பிள்ளையளை நானும் எடுக்காட்டில் அதுகள் எங்கை போறது, அத்தான்? தேப்பனுக்குப் பின்னாலை மூட்டை தூக்கத்தான் போகும்" என்றார். நான் எழும்பி வீட்டுக்கு வந்துவிட்டேன். அதற்காக நான் ஒத்துக்கொண்டேன் என்று நினைக்க வேண்டாம்.

இப்படி இழுபட்டுக்கொண்டிருந்த கல்லூரிக்கு இந்த வருஷம் கழுத்துக்கே கத்தி வந்தது. சொல்லாமல் கொள்ளாமல் ஒருநாள் இன்ஸ்பெக்டர் வருவார், வகுப்பு வெறுமையாயிருந்தால் அங்கீகாரம் போய்விடும் என்று செய்தி வந்தது. நம்முடைய சபையின் பள்ளிக்கூடங்களுக்கெல்லாம் மேலான பெரிய சுவாமி, "அங்கீகாரம் போனால் கல்லூரியைப் பூட்டிவிட்டுச் சாவியை என்னிடம் தரவும்" என்று எழுதிவிட்டார். அதே கடிதத்தில், "இனிமேல் வேல் விழாவுக்கு விடுமுறை கிடையாது" என்றும் ஒரு வரி. முந்தின வருஷங்களில் சுவாமி அந்த நாளை மட்டும் வடிகான் துப்புரவு நாள் என்று அறிவித்துப் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிடுவாராம். வெள்ளவத்தையில் அந்த வடிகானைப் போல் துப்புரவான வடிகான் வேறு இல்லை என்று யாரோ பெரிய சுவாமியின் காதில் போட்டுவிட்டார்கள்.

ஆடிவேல் என்றால் அங்கே உங்களுக்கு விளங்காது, மச்சாள். செட்டித்தெருவிலிருந்து முருகனுடைய வெள்ளி ரதம் காலி வீதி வழியாக வெள்ளவத்தைப் பக்கம் வரும். பின்னால் கொழும்பே வரும். கட்டளைப்படி அன்று கல்லூரி திறந்திருந்தது. உள்ளே கத்தோலிக்கப் பிள்ளைகள் சிலரும் மஜீட் நானாவின் மகன்மார் இருவரும் மட்டும் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்கள். மற்றவர்கள் எல்லாரும் ரதத்துக்குப் பின்னால். சரியாக அந்த நேரம் பார்த்துக் கறுப்புக் கோட்டும் தொப்பியுமாக ஹியூபேட் துரை, அவர்தான் இன்ஸ்பெக்டர், றிக்ஷாவில் வந்து இறங்கினார். அன்றைக்கு நான் எதற்கு அங்கே போனேன் என்று கேட்பீர்கள். தம்பிக்குப் பிடிக்குமென்று உங்கள் தங்கை மீன் கட்லட் செய்து தந்து என்னை அனுப்பினாள். எல்லாம் அந்தக் கட்லட்டால் வந்த வினை.

"பிள்ளைகள் எங்கே, ஃபாதர்?" என்று துரை கேட்டார். சுவாமி கொஞ்சமும் அசையாமல், "வந்துகொண்டிருக்கினம்" என்றார். தூரத்தில் மேளம் கேட்டது. வருவது உண்மைதான், ஆனால் வந்தால் போயும் விடுவார்களே! இங்கே ஒரு வழமை உண்டு. எந்த வாசலில் கும்பம் வைத்துத் தேங்காய் குவித்திருக்கிறதோ, அந்த வாசலில்தான் ரதம் நிற்கும். ரதம் நின்றால் சனம் நிற்கும், சனம் நின்றால் அதற்குள் இருக்கும் நம்முடைய பிள்ளைகளும் நிற்பார்கள். ஒன்றுமில்லாத வாசலென்றால் ரதம் திரும்பியும் பாராமல் போய்விடும். இதை நான் யோசித்து முடிக்க முன்னமே சுவாமி மதிலுக்கு மேலால் எட்டி, "நானா, தேங்காய் இருக்கோ?" என்று கூப்பிட்டுவிட்டார். "தேங்கா யாவாரிக்கிட்ட தேங்கா ஈக்கான்னு கேக்குறீங்களே ஃபாதர்! எத்தின சாக்கு வேணும்?" என்று மஜீட் நானா சிரித்தார். நான் மதிலடிக்கு ஓடினேன். "நானா, அல்லாவுக்குப் பயந்த மனுசன், நீங்களுமோ?" என்றேன். "ஐயா, நான் யாவாரம் மட்டுந்தான் செய்றன். ஒடக்கிறது ஆருன்னு நான் பாக்கல்ல" என்று சொல்லிவிட்டுச் சாக்கை அவிழ்த்தார்.

என் கண்ணுக்கு முன்னால், மச்சாள், புனித பொலிகார்ப்பின் சுரூபத்துக்குக் கீழே, கத்தோலிக்கப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளுமாகச் சேர்ந்து முருகனுக்குத் தேங்காய் குவித்தார்கள். கல்லூரித் தண்ணீர்க் குடம்தான் கும்பம். ரதம் வந்தது. நின்றது. மேளமும் நின்றது. வடம் பிடித்த கிழவர் ஒருவர், "வீட்டுக்காரர் ஆர்? முதல் தேங்காய் வீட்டுக்காரர்தான் அடிக்க வேணும். கெதியா வாங்கோ!" என்று கத்தினார். கட்டடத்துக்குச் சொந்தக்காரர் மஜீட் நானா கடைக்குள் புகுந்து கதவைச் சாத்திவிட்டார். சனத்துக்குள்ளிருந்து நம்முடைய பிள்ளைகள், "சுவாமிதான்! சுவாமிதான் வீட்டுக்காரர்!" என்று கூவினார்கள். ஒருவரும் அசையாததைக் கண்டு கிழவர் வடத்தை இழுக்கக் கை காட்டினார். ரதம் அசைந்தது. துரை மணிக்கூட்டைப் பார்த்துவிட்டுத் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தார். சுவாமி என்னைப் பார்த்தார். "அத்தான், கண்ணை மூடுங்கோ" என்றார்.

நான் மூடினேன். விரலுக்கு நடுவே கொஞ்சம் நீக்கல் இருந்தது என் குற்றமா? குருத்துவ அங்கியோடு, வலது கையை ஓங்கி, அடித்தார் மச்சாள், அடித்தார்! ஒரே அடியில் சிதறிப் போனது. அந்தக் கையால்தானே நாளைக்கு நற்கருணை எடுப்பார், ஐயோ! "மஹத்தயா, பாதர் பொல் கஹனவா நே!" என்று றிக்ஷாக்காரன் சிங்களத்தில் கத்தி, பாதர் தேங்காய் அடிப்பதைக் காட்டி என் தோளைப் பிடித்து உலுக்கினான், என்னவோ எனக்குத்தான் கண் தெரியாதது போல. சனம் முழுக்க "அரோகரா!" என்று வானம் அதிரக் கத்தியது. அந்தச் சத்தம் ஓய முன்னமே சுவாமி ஒரு வாங்கில் ஏறி நின்று, தேங்காய்த் தண்ணீர் ஒழுக ஒழுக வரவு இடாப்பை விரித்துப் பெயர் கூப்பிடத் தொடங்கினார். வடத்தடியிலிருந்து ஒருவன் "பிறசன்ற், சுவாமி!" என்றான். காவடிக்குக் கீழேயிருந்து ஒருவன். தகப்பனின் தோளிலிருந்து ஒருவன். ஒரு பிள்ளைக்கு வாய் நிறையக் கடலை, தாய் அவனுக்காகப் பதில் சொன்னாள். துரை பேனாவோடு சனத்துக்குள் புகுந்து ஒவ்வொருவராய் எண்ணிவிட்டு, "பெற்றோர் இத்தனை பேர் பிள்ளைகளோடு வந்து நிற்கிற கல்லூரியை நான் இதுவரை பார்க்கவில்லை, ஃபாதர்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். போகும்போது பஞ்சாமிர்தமும் வாங்கிக்கொண்டு போனார்.

நான் பஸ் ஏறிக் கொட்டாஞ்சேனைக்கு வர முன்னமே கதை வந்துவிட்டது. சந்தைத் திருப்பத்தில் டோரின் அக்கா மீன் பையோடு மறித்து, "என்ன ஸ்ரனிஸ்லாஸ், உங்கடை மச்சான் சாமி முருகனுக்கு நேர்த்தி வைச்சவராம்?" என்றாள். கோவில் வாசலில் அது மொட்டையடித்தாராம் என்று ஆகியிருந்தது. வீட்டுக்கு வந்தபோது, காவடி எடுத்தாராம் என்று யாரோ புளோறன்ஸிடம் சொல்லி முடித்திருந்தார்கள். அப்போது படுத்தவள்தான்.

கதை பெரிய சுவாமிக்கும் எட்டி, நாளைக் காலை உங்கள் தம்பியையும் என்னையும் கூப்பிட்டிருக்கிறார். என்னைக் கண்ணால் கண்ட சாட்சியாக. சுவாமி தேங்காய் அடித்தது உண்மையென்றால் கல்லூரியைப் பூட்டுவது நிச்சயம். பூட்டட்டும்! மாதா சபைத் தலைவனான நான் ஒரு குருவானவருக்கு முன்னால் பொய் சொல்லப் போவதில்லை. உள்ளதை உள்ளபடி சொல்லி, "இவரை மன்னார்ப் பக்கத்தில் சத்தம் சந்தடியில்லாத ஒரு கோவிலுக்கு மாற்றுங்கோ" என்று கேட்கப் போகிறேன். அவருடைய நன்மைக்குத்தான். நீங்களும் கடிதம் கண்டவுடன் ரெயில் ஏறி வந்து, அக்கா என்ற முறையில் அவருக்கு நாலு வார்த்தை சொல்லுங்கள். இந்தக் கல்லூரி விஷயத்தில் நான் கையைக் கழுவிவிட்டேன்.

பிள்ளைகளுக்கு எங்கள் முத்தங்கள். தேவமாதா உங்கள் வீட்டைக் காக்கட்டும், முடிந்தால் எங்கள் வீட்டையும்.

இப்படிக்கு,
தலை நிமிர்த்தித் தெருவில் நடக்க முடியாத உங்கள்
ஸ்ரனிஸ்லாஸ்

பி.கு.: கடிதத்தை ஒட்டாமல் வைத்திருந்தது நல்லதாய்ப் போயிற்று. மேலே எழுதியதை ஒருவருக்கும் வாசித்துக் காட்ட வேண்டாம். இன்று காலை போனேன். பெரிய சுவாமியின் அறைக்கு வெளியே வாங்கில் உங்கள் தம்பி இருந்தார். கையில் செபமாலையாவது இருக்கும் என்று பார்த்தேன். இல்லை, மடியில் பிள்ளைகளின் கொப்பி, கையில் சிவப்புப் பென்சில். பக்கத்தில் கல்லூரிச் சாவி. துடைத்து, ஒரு வெள்ளைத் துணியில் வைத்திருந்தார். "அத்தான், இந்தப் பிள்ளைக்குப் பின்னம் ஏறுதே இல்லை, எப்பிடிச் சொல்லிக் குடுக்கலாம்?" என்று என்னிடம் கேட்கிறார், மச்சாள். பூட்டப் போகிற பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு!

என்னை முதலில் உள்ளே கூப்பிட்டார்கள். "தேங்காய் அடித்தது யார்?" என்று பெரிய சுவாமி கேட்டார். "நான்தான், சுவாமி" என்றேன். சத்தியமாய் அந்தச் சத்தம் என் வாயிலிருந்துதான் வந்தது. பெரிய சுவாமிக்கு மூக்குக் கண்ணாடி நழுவிவிட்டது. பிறகு உங்கள் தம்பியைக் கூப்பிட்டார். அவர் உள்ளே வந்தவுடனேயே, "நான்தான் அடிச்சனான்" என்று உண்மையைச் சொன்னார். பெரிய சுவாமிக்குக் கண் கலங்கிவிட்டது. "மச்சான் செய்த பாவத்தைத் தன் தலையில் போட்டுக்கொள்கிற இப்படி ஒரு குருவானவரா!" என்றார். இவர் "இல்லை, இல்லை, நான்தான்" என்று சொல்லச் சொல்லப் பெரிய சுவாமிக்கு இவர்மேல் மரியாதை கூடிக்கொண்டே போனது. கடைசியில் சாவியைத் திருப்பிக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார். எனக்கு மாதா சபைத் தலைவர் பதவி போய்விட்டது. கிறிஸ்மசுக்கு முந்தின திருவருகைக் காலம் வரை கோவிலில் கடைசி வாங்கில் முழங்காலில் நிற்க வேண்டும். இதைக் கேட்டுப் புளோறன்ஸ் எழும்பி வந்து எனக்கு இறால் பொரித்துத் தந்தாள்.

சொன்ன பொய்க்குப் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டுமே. வேறு எந்தச் சுவாமியிடம் போக முடியும்? பின்னேரம் வெள்ளவத்தைக்குப் போய் உங்கள் தம்பியிடமே முழந்தாளிட்டேன். எல்லாவற்றையும் கேட்டார். பிறகு, மூன்று அருள்நிறைந்த மந்திரம் சொல்ல வேண்டும், அதோடு இந்த வருஷம் முடியுமட்டும் மூன்றாம் வகுப்புக்குக் கணக்குப் படிப்பிக்க வேண்டும் என்றார். "சுவாமி, ஒரு பொய்க்கு இவ்வளவு அபராதமோ?" என்று கேட்டேன். "பொய்க்கு மந்திரம் போதும், அத்தான். மற்றது அபராதம் இல்லை. நான் தனியச் செய்து களைச்சுப் போனன்" என்றார். அழுகிறாரோ என்று நடுவிலிருந்த தட்டிக்குள்ளால் எட்டிப் பார்த்தேன், இருட்டில் ஒன்றும் தெரியவில்லை. நாளைக்கு முதல் பாடம் எனக்கு. நீங்கள் இப்போதைக்குக் கொழும்புப் பக்கம் வர வேண்டாம், மச்சாள். கல்லூரியில் ஆங்கிலம் படிப்பிக்கவும் ஆள் இல்லை.