புல்லுக்குக் காய்ச்சல் பார்த்தவர்

தேனி மாவட்டத்தில் மனிதருக்கு வைத்தியம் பார்க்க ஆள் உண்டு, மாட்டுக்குப் பார்க்கவும் உண்டு. புல்லுக்குக் காய்ச்சல் பார்த்தவர், எனக்குத் தெரிந்து, நாங்கள் சருகு சார் என்று கூப்பிட்ட ஒருவர்தான்.

சில வருஷங்களுக்கு முன் போடியில் நான் தங்கியிருந்த லாட்ஜில் எனக்கு எதிர் அறை அவருடையது. கல்லூரியில் தாவரவியல் வாத்தியார். காலையில் நாங்கள் பல் துலக்கும்போது, அவர் மொட்டை மாடியில் ஒரு பிடி காய்ந்த புல்லை ஏலக்காய்க் கடைத் தராசில் நிறுத்துக்கொண்டிருப்பார். காற்றில் ஈரம் குறைந்தால் புல்லின் எடையும் குறையுமாம். பிறகு ஒரு சருகைக் காதோரம் வைத்து நொறுக்குவார். அப்பளம்போல் சத்தம் வந்தால் முகம் வெளிறிவிடும். "இன்னைக்கு மலைப் பக்கம் எவனும் தீப்பெட்டி கொண்டுபோகக் கூடாது!" என்று படிக்கட்டில் நின்று அறிவிப்பார். மாசி, பங்குனியில் நாங்கள் ஊதுபத்தி கொளுத்தவே அவர் முகத்தைப் பார்க்க வேண்டியிருந்தது.

லாட்ஜ் முதலாளி சின்னையா அண்ணன், தேவாரம் ஊருக்கு மேலே மலைச்சரிவில் இருக்கும் கருப்பசாமி கோயிலில் பேரனுக்குக் காதுகுத்து வைத்தார். லாட்ஜே திரண்டு போனது. கிடா வெட்டியாயிற்று. கறி போட்ட அண்டாவை ஏற்றப் போனால், அடுப்புக் கல் மேல் சருகு சார் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறார்.

"சார், எந்திரிங்க. சம்பந்தி வீட்டுக்காரக வந்துட்டாக. கறி வேகணும்" என்றார் அண்ணன்.

"என்னைய வேணா வேக வைங்கண்ணே. புல்லு தொட்டாப் பொடியாகுது, காத்தும் வலுத்துருச்சு. ஒரு பொறி போதும்."

"ஏலே, இந்த மனுசனத் தூக்குங்கடா!"

நான்கு பேர் தூக்கினோம். தூக்கிய நிலையிலேயே உறைந்து நின்றோம். கீழே, சரிவின் அடியில் புகை. யார் வைத்த நெருப்போ, எங்கள் அடுப்பில் இன்னும் ஒரு குச்சிகூடப் பற்றவில்லை.

கூட்டம் உச்சியை நோக்கி ஓடத் தொடங்கியது. எங்கள் தோளில் இருந்தபடியே அவர் கத்தினார்: "மேல ஓடாதீக! வெயில் நேரத்துல காத்து மலை ஏறும். தீயும் கூடவே ஏறும், நம்மள முந்திரும். பக்கவாட்டுல போங்க, அந்த மொட்டைப் பாறைக்கு!"

"சார் சொல்றாகள்ல, அங்கன நடங்க!" என்று பேரனை அள்ளிக்கொண்டு ஓடினார் அண்ணன்.

புல் முளைக்காத அகலப் பாறையின் நடுவில், ஈரத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு நெருக்கியடித்து உட்கார்ந்தோம். லாரிகள் வரிசையாக மலை ஏறுவதுபோல் ஓர் இரைச்சல். ஆளுயரப் புல் நெருப்பு படும் முன்பே வளைந்து சுருண்டது. நாங்கள் ஓட நினைத்த உச்சியை, ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கும் நேரத்தில் தீ தொட்டுவிட்டது.

வெயில் இறங்கி, காற்று அடங்கி, ஈரம் கூடியதும் அதே தீ தரையோடு படுத்து ஊரத் தொடங்கியது. காலைதோறும் சார் தராசில் பார்த்த ஈரத்தின் வேலையை இப்போது மலை முழுக்கப் பார்த்தோம். எரிந்து தணிந்த பக்கமாக வனத்துறை ஆட்கள் வந்து எங்களைக் கூட்டிப்போனார்கள். வழியில் கரி படிந்த அண்டாவுக்குள் எட்டிப் பார்த்த அண்ணன், "அடுப்பே மூட்டலயே, பாதி வெந்துருச்சேப்பா!" என்றார். அப்போதுதான் எல்லோருக்கும் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

சருகு சார் கடைசி ஆளாக இறங்கினார். ஒவ்வொரு திருப்பத்திலும் நான் நின்று, அவர் வருகிறாரா என்று பார்த்துவிட்டே அடுத்த அடி வைத்தேன்.