‘கதவை நோக்கிய ஏக்கம்’

சரியாகப் பதினொரு நாள், நான்கு மணி நேரத்தில் திருச்சிராப்பள்ளி உலகக் கலைத் தலைநகரங்களின் வரிசையில் போய் உட்கார்ந்துவிட்டது. அந்தச் சாதனையில் எனக்கும் ஒரு சிறு பங்கு உண்டு என்பதைப் பணிவோடு சொல்லிக்கொள்கிறேன்.

ஸ்ரீரங்கத்தில் ஒரு மருந்துக் கடையின் மாடியில் இயங்குகிறது எங்கள் இணையப் பக்கம். உலகத்தின் விசித்திர வடிவமைப்புகளைத் தேடியெடுத்துத் தினம் ஒன்பது படங்கள் போடுவோம். காளான் மாதிரி நூலகம், உட்கார முடியாத நாற்காலி, ரொட்டித் துண்டில் பூத்தையல். நிறுவனர் சித்தார்த்தன் தன் பெயர்ப்பலகையில் ‘தலைமைக் கண்’ என்று போட்டிருக்கிறார். நான் வேதியியல் முதுகலை. என் பதவி ‘இளநிலைக் கண்’.

மலைக்கோட்டைப் பக்கம் உள்ள மனுப் பரிசீலனைத் துணை அலுவலகத்துக்குச் சொந்த வேலையாகப் போன சித்தார்த்தன், அங்கே காத்திருப்பு அறையில் அந்தச் சுவரைக் கண்டார். காவி நிறச் சுவர். பெஞ்சுக்குப் பின்னால் அது முழுக்கச் சிறுசிறு வெள்ளைக் கோடுகள். ‘பெயர் தெரியாத மேதை’ என்று தலைப்பிட்டுப் படத்தைப் போட்டார்.

மறுநாள் காலை உலகம் எங்களைத் திரும்பிப் பார்த்தது. டோக்கியோவில் ஒரு கட்டடக் கலைஞர் ‘இதற்குமேல் குறைக்க முடியாது’ என்று எழுதினார். லிஸ்பனில் ஒரு நிறுவனம் இதைக் குளியலறை டைல்ஸாகப் போட அனுமதி கேட்டது.

என்னை அளவு நாடாவோடு அனுப்பினார்கள். இரண்டு முறை எண்ணினேன். நாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு கோடுகள். எல்லாம் தரையிலிருந்து மூன்றரை அடிக்குள். அலுவலர் அறைக் கதவை நெருங்க நெருங்கக் கோடுகளின் நெருக்கம் கூடியது. வரைபடம் போட்டுக் கொடுத்தேன். அதைப் பார்த்த கோபன்ஹேகன் நிபுணர், உயரம் குறைவாக இருப்பது மண்ணின் முன் பணிவு என்றும், அந்த நெருக்கம் ‘கதவை நோக்கிய ஏக்கம்’ என்றும் விளக்கினார். சித்தார்த்தன் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“நீங்க கெமிஸ்ட்ரிதானே கனிஷ்கா. இது என்ன கலர்?”

துளி சுரண்டி எடுத்து எலுமிச்சைச் சாறு விட்டுப் பார்த்திருந்தேன். நுரைத்தது. எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஆனால் நான் கூட்டத்தில் பேசுகிறவள் இல்லை.

“வெள்ளை, சார்” என்றேன்.

“அபாரம்” என்று குறித்துக்கொண்டார்.

அலுவலர் முருகானந்தம் எப்போதும் பின்வாசல் வழியாக வந்து போகிறவர். தன் அலுவலகச் சுவரை அவர் முதன்முதலாகப் பார்த்ததே இணையத்தில்தான். பார்த்த அன்றே செயலில் இறங்கினார். சுவருக்கு முன்னால் கயிறு கட்டினார். ஓவியத்தை மறைத்த பெஞ்சை வெயிலுக்கு அனுப்பினார். ‘கலை அவசரம்’ முடியும்வரை மனுக்களை நிறுத்திவைத்தார். அட்டெண்டர் ‘காப்பாளர்’ ஆனார்.

வெயிலுக்குப் போன பெஞ்சில் தொட்டியம் காளியாயி இருந்தார். கணவர் இறந்தபின் வாழைத் தோட்டத்துப் பட்டாவைத் தன் பெயருக்கு மாற்றக் கேட்டவர். கொழுந்தன் பாதித் தோட்டத்துக்கு வேலி போட்டுவிட்டார். மீதிக்குக் கம்பி வாங்கப் போயிருக்கிறாராம்.

“கையெழுத்து ஒண்ணுதான் பாப்பா பாக்கி. மூணு வருசமா இதே பஸ்ஸுல வரேன். இன்னைக்காச்சும் கூப்புடுவாங்களா?”

அலுவலர் சட்டம் தேர்வு செய்துகொண்டிருக்கிறார் என்றேன். புதுச் சட்டமா என்று கேட்டார். கண்ணாடிச் சட்டம் என்றேன்.

பன்னிரண்டாம் நாள் திறப்பு விழா. ரிப்பன், ரோஸ்மில்க், கைப்பேசி தூக்கிய கூட்டம். கதவு திறந்திருந்ததால் தன் முறை வந்துவிட்டதென்று காளியாயி உள்ளே வந்தார். கயிற்றுக்குக் கீழே குனிந்து புகுந்து, பழைய இடத்தில் தரையிலேயே உட்கார்ந்தார். சுருக்குப் பையை அவிழ்த்து, வாய்க்கு வேண்டியதைப் போட்டுக்கொண்டார். பிறகு ஆள்காட்டி விரலைச் சுவரில் ஓர் இழுப்பு.

புதுக் கோடு பிறந்தது. நிகழ்ச்சியில் இதுவும் ஓர் அங்கம் என்று கூட்டம் கைதட்டியது.

சித்தார்த்தன் மட்டும் குனிந்து உற்றுப் பார்த்தார். “சார், அச்சு அசல் அதே ஸ்டைல். இந்தம்மா போலி பண்றாங்க.”

முருகானந்தம் முகம் சிவந்தார். “ஏம்மா, இது உலகச் சொத்து. உன் மனுவை இப்பவே தள்ளுபடி பண்றேன் பார்” என்று கோப்பைக் கொண்டுவரச் சொன்னார். கோப்பு உடனே வந்தது. மூன்று வருடத்தில் அது நகர்ந்தது அன்றுதான். அவர் பேனாவைத் திறந்தார். கைதட்டலில் எதுவும் காதில் விழாத காளியாயி, விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டே, அலுவலர் கையெழுத்துப் போடப்போகிறார் என்று மலர்ந்த முகத்தோடு எழுந்து நின்றார்.

என் தொண்டையிலிருந்து ஒரு குரல் வந்தது. மைக் பக்கத்தில் இருந்ததால் அறை முழுக்கக் கேட்டது.

“போலி இல்ல சார். இது பெயின்ட்டும் இல்ல, சுண்ணாம்பு. வெத்தலை போட்டுட்டு விரல்ல மிஞ்சினதைத் தடவியிருக்காங்க. நீங்க கூப்பிடுவீங்கன்னு இங்க உக்காந்திருந்தவங்க.”